தகரக் கூரைக்கு அடியில் இரண்டு ப்ராசஸர்கள்

அமீர்பேட்டில் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் புதுக் கம்ப்யூட்டரை முதலில் ஓட்டிப் பார்ப்பது முதலாளியின் ஏ.சி. அறையில்தான். கடைக்காரர் பெட்டியைப் பிரிப்பதும் அங்கே, முதலாளி டீ சொல்வதும் அங்கே. ஜகதீசனின் நிலையத்திலும் அதுவே வழக்கம். 2001 மே மாதத்தில் ஒரு காலை, அவர் மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்றின் ப்ராசஸர் 1.5 கிகாஹெர்ட்ஸ், மற்றது 1.2. எது ஜெயிக்கிறதோ அதைத்தான் மாடி லேப் முழுவதற்கும் வாங்கப் போகிறார்கள்.

லேபுக்குப் பொறுப்பு வசந்தகுமாரி. பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துவந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு அமீர்பேட்டுக்கு வந்தபோது சைனிக்புரியில் அவள் தெருவே மூக்கில் விரலை வைத்தது. தன் பொறுப்பில் ஒரு லேப் வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அது தெருவுக்கு எப்படித் தெரியும்?

ஜகதீசனின் மைத்துனன் ஷ்யாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சில் ஊர் உருது கலந்து வரும்; நிலையத்தின் விளம்பரம் எல்லாம் அவன் கையில். அவனுக்கு 1.5தான் வேண்டும்.

"மேடம், பேனர்ல ஒண்ணு புள்ளி அஞ்சுன்னு பெருசா போட்டா பசங்க க்யூல நிப்பாங்க. ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு போட்டா எதிர் பில்டிங்குக்குப் போயிடுவாங்க. ஹவ்வா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"பேனரா ஷ்யாம் ப்ரோக்ராம் எழுதப் போகுது? பசங்க செய்யுத வேலையையே ரெண்டுலயும் குடுத்துப் பாத்துருவோம்."

மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பெரிய ப்ராஜெக்ட் ஒன்றை இரண்டிலும் கம்பைல் செய்தாள். எத்தனை தடவை ஓட்டினாலும் 1.2தான் முதலில் முடித்தது. மற்றதன் கடிகாரம் வேகமாக அடித்தது, ஆனால் அடிக்கு அடி நடந்த வேலை குறைச்சல். குட்டை எட்டு வைத்து ஓடுகிறவன், நீள எட்டு வைத்து நடக்கிறவனிடம் தோற்பது மாதிரி.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் ஷ்யாம், விடாமல்.

"ஆச்சுன்னா லேப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கிடுங்க, போங்க."

ஜகதீசன் சிரித்தார். "அப்ப முடிஞ்சுதுங்க மேடம். நாளைக்கு ஆர்டர் போட்டுரலாம்."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வசந்தகுமாரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பழைய தொழிற்சாலையில், மேசைமேல் ஓடிய போர்டை யாரும் தேறியதாகச் சொல்ல மாட்டார்கள். சூட்டு அறைக்குள் வைத்து வேகவிட்டு, அதற்குப் பிறகும் ஓடினால்தான் கையெழுத்து. மத்தியானம் இரண்டு பெட்டிகளையும் மாடிக்குத் தூக்கிவரச் சொன்னாள்.

"ஜெயிச்சாச்சே மேடம், இன்னும் கைக்கு, எதுக்கு?" என்றான் ஷ்யாம். "வடாமோட சேத்து மாடியில காயப் போடப் போறீங்களா?"

"காயுதான்னு பாக்கத்தான்."

அவன் சிரித்துக்கொண்டே பேனர் எழுதுகிறவரைப் பார்க்கப் போய்விட்டான்.

மாடி லேபின் கூரை தகரம். மின்விசிறிகள் அனல்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பின. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு நடுவே இரண்டையும் வைத்து, அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவிட்டாள். 1.2 காலையைப் போலவே முந்தியது. பிறகு அதன் திரை சட்டென்று கறுத்தது.

சுவரிலிருந்து தள்ளி வைத்தாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். ஆறவிட்டு மறுபடி ஓட்டினாள். கொஞ்ச நேரம் பறந்தது, மறுபடி இருட்டு. பக்கத்தில் 1.5 சூடு ஏற ஏறத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, மூச்சு வாங்கினாலும் நிற்காமல் வேலையை முடித்துக்கொண்டிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. மாணவர்கள் அவரவர் திரையில் மூழ்கியிருந்தார்கள். இன்னும் சில வாரத்தில் மழை வந்துவிடும். அப்புறம் அடுத்த கோடைவரை இந்தப் பெட்டி சமர்த்தாக ஓடும். வாயைத் திறக்காமல் இருந்தால் லேப் அவளிடமே இருக்கும். அவள் அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பிள்ளை ஹாஸ்டலிலிருந்து வெயிலில் நடந்து வந்து, கிடைத்த ஒரு மணி நேரத்தில் எழுதிய ப்ரோக்ராம் இப்படிக் கண்ணெதிரே போனால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

"சார், நான் சொன்ன மெஷின் தோத்துட்டு. மாடிச் சூட்டுல நின்னு நின்னு போகுது."

"காலையில ஜெயிச்சுதேங்க?"

"காலையில ஜெயிச்சது உங்க ஏ.சி. சார். மெதுவா ஓடினாலும் நிக்காம ஓடுததை வாங்குங்க." குரல் லேசாக இறங்கியது. "லேபை ஷ்யாம் பாத்துக்கிடட்டும். சொன்னா சொன்னதுதான்."

அப்போதுதான் உள்ளே வந்த ஷ்யாம் கதவருகிலேயே நின்றுவிட்டான். அவன் கேட்ட ப்ராசஸர் ஜெயித்திருந்தது. ஆனாலும் துள்ளத் தோன்றவில்லை.

"நக்கோ மேடம், வேண்டாம்! சொந்த மெஷினையே போட்டுக் குடுத்துட்டீங்க. நான் தப்பா வாங்கினா என்னை யார் போட்டுக் குடுப்பா? நீங்களே பாருங்க."

"லேப் உங்ககிட்டயே இருக்கட்டுங்க," என்றார் ஜகதீசன். "இனிமே எந்தப் பெட்டியும் என் ரூமுக்கு வர வேண்டாம். நேரா மாடிக்கே போகட்டும்."

1.5 வாங்கப்பட்டது. மிச்சக் கோடை முழுக்க ஒரு திரையும் கறுக்கவில்லை. விஷயம் அமீர்பேட் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த மே மாதம், எதிர் பில்டிங்கில் பயிற்சி நிலையம் நடத்தும் விஸ்வநாத் பெட்டியும் கையுமாகப் படியேறி வந்தார்.

"மேடம், உங்க மாடியில கொஞ்சம் போட்டுப் பாத்துக்கலாமா?"

"போட்டி கம்பெனி மேடம்!" என்று ஷ்யாம் அவள் காதருகே பல்லைக் கடித்தான்.

வசந்தகுமாரி அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம் சார், இன்னும் வெயில் ஏறலை. சாப்பிட்டுட்டு வாங்க."