பெரியப்பாவைக் காட்டிய டி.வி.

அவித்த நெல்லின் புளித்த, சூடான வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பழைய பொறாமை ஒன்று கிளம்பிவிடும். பொன்னேரியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த ரைஸ்மில் முதலாளி, எழுபதுகளின் பிற்பகுதியில், தெருவிலேயே முதல் ஆளாக டி.வி. வாங்கி, மில்லை ஒட்டிய தன் வீட்டு மாடியில் பனைமரத்துக்குப் போட்டியாக ஒரு "ஏரியல்" நட்டிருந்தார். சீனாக்காரனோடு நடந்த போரைப் பற்றி வாரம் ஒரு சாயங்காலம் பகுதி பகுதியாக அதில் ஒரு படம் காட்டினார்கள். பேசியதெல்லாம் இந்தி, எங்களில் ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் கூடம் நிரம்பி வாசல்வரை ஆள் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அத்தனை வருடம் ஆகியும் அந்தப் போர் எங்கள் தெருவில் முடிந்திருக்கவில்லை. கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் யூனியன்காரர்கள் ஒரு பக்கம், கதர்ச்சட்டைக்காரர்கள் மறுபக்கம் என்று பிரிந்து, சண்டையை யார் ஆரம்பித்தது, தோற்றதற்கு யார் காரணம் என்று வாராவாரம் தொண்டை வற்றக் கத்துவார்கள்.

அந்தக் கூட்டத்தில் டி.வி.க்கு நேர் எதிரே மணை போட்டு உட்காரவைக்கப்படுகிறவள் வசந்தா அக்கா, என் பெரியப்பா மகள். பெரியப்பாவும், நான் "நைனா" என்று கூப்பிட்ட என் அப்பாவும் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே முக ஜாடை, சேர்ந்தே "மிலிட்டிரி"க்குப் போனார்கள். பெரியப்பா பனிமலையில் செத்துப்போனபோது வசந்தா அக்கா பெரியம்மா வயிற்றில் இருந்தாள். நைனா பிடிபட்டு, மாதக்கணக்கில் கைதியாக இருந்துவிட்டு உயிரோடு திரும்பினார். உயிரோடு திரும்பியதுதான் அவர் செய்த தப்பு. பெரியப்பாவின் பேரைக் கேட்டாலே உருகிப்போகிற தெரு, நைனாவை முதுகுக்குப் பின்னால் "கை தூக்கினவன்" என்றது. அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்துகொண்டு, போரைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

"உங்கப்பாரு வந்தாலும் வருவாரு, நல்லா பாத்துக்கினே இரு" என்று மில்லுக்காரம்மா அக்காவின் கையில் முழு முறுக்கைக் கொடுப்பார். எனக்குப் பாதி. அப்பாவைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்ணைக் கண்டு எனக்கு வயிறு எரியும். அந்த மணை, அவளைப் பார்த்து எல்லோரும் கொட்டுகிற உச்சு, எல்லாமே எனக்கு வேண்டும். நைனாவும் அதே போரில்தானே இருந்தார்! அவர் முகம் ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டியில் தெரிந்துவிட்டால் தெரு வாயை மூடிக்கொள்ளும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொள்வேன்.

ஒரு வாரம், சிப்பாய்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்பதைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் குவளையை உயர்த்தி, எங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். வசந்தா அக்கா துள்ளி எழுந்து, "எங்கப்பா! அதோ எங்கப்பா!" என்று கத்தினாள். கூடமே கைதட்டியது. நான் குவளையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மோதிர விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. சின்ன வயதில் ஏரியில் திருக்கை முள் குத்தியதிலிருந்து நைனாவுக்கு மடங்காத விரல் அது.

நான் வாயைத் திறப்பதற்குள், வேலை முடிந்து என்னை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற நைனாவிடம் மில்லுக்காரர் கேட்டார்: "நீயே சொல்லுப்பா, உங்கண்ணன்தானே அது?"

நைனா விரல் மடங்காத அந்தக் கையைக் காக்கிப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "ஆமாங்க, எங்கண்ணன்தான்" என்றார். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை, நைனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"அது நீதானே நைனா? ஏன் பொய் சொன்னே?" என்று வழியெல்லாம் அழுதேன்.

"உனுக்கு நான் ஊட்லயே கீறேன். அந்தப் பொண்ணுக்கு இன்னா கீது? யாராண்டயும் சொல்லாதே" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் இருக்கிற நைனாவை வைத்துக்கொண்டு தெருவின் வாயை எப்படி அடைப்பது? மறுநாள் காலையில் ஊரே வசந்தா அக்காவின் கன்னத்தைத் தடவிப் போயிற்று.

இப்போது மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. எந்த மாடியிலும் ஏரியல் இல்லை. அந்தப் படத்தை என் பேரன் செல்போனில் எவ்வளவோ தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். மிலிட்டிரி உடையில் அவர் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. போன பொங்கலுக்கு வந்திருந்த வசந்தா அக்கா, பேச்சுவாக்கில், "அப்பாவை நான் பாத்தது அந்த ஒரு தபாதான்டி. என்னைப் பாத்து எப்படிச் சிரிச்சாரு, ஞாபகம் கீதா?" என்றாள்.

இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது. நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததும் அந்த ஒரு தடவைதான்.

"ஞாபகம் இல்லாம இன்னாக்கா" என்றேன். "பெரியப்பா நல்லாச் சிரிச்சாரு."