கோயில் மாத்திரை

என் குரல் இன்னும் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் கிடக்கிறது. இரண்டு நிமிடம். "எண்டோமெட்ரியோசிஸ்னு சொல்ற இந்த நோவுக்கு நான் ஒரு மருந்தும் எடுக்கல. சாப்பாட்ட மாத்தினேன், விரதம் இருந்தேன், நாப்பத்தெட்டு நாள்ல வலி போச்சு" என்று அதில் சொல்கிறேன். அது பொய். சொன்னபோது பொய் என்று எனக்கே தெரியாது. அதைக் கேட்டுவிட்டு, உலு திராமில் இருக்கும் என் நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த ஸ்கேன் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் எனக்கு இருந்த அதே வலி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெர்மாஸ் ஜெயாவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மாதத்தில் நான்கைந்து நாள் அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவது மாதிரி முறுக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். பச்சை விழுந்தால் போக வேண்டும். லீவு போட முடியாது. நான் வராவிட்டால் பதினாலு பிள்ளைகள் பள்ளிக்குப் போகாது.

பல வருடம் எல்லோரும் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்றார்கள். கடைசியில் ஒரு கிளினிக் டாக்டர்தான் நோயின் பெயரைச் சொன்னார். கருப்பைக்குள் இருக்கும் சவ்வு மாதிரியே ஒன்று வெளியேயும் வளர்கிறதாம். சினைப்பையில், குடலுக்குப் பக்கத்தில், எங்கு வேண்டுமானாலும். மாதவிலக்கு வரும்போது அதுவும் சேர்ந்து வீங்கிக் கசியுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் தள்ளித்தான் தேதி கொடுத்தார்கள்.

அந்த எட்டு மாதமும் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். வெந்தயத் தண்ணீர் குடி என்றார்கள். கருஞ்சீரகப் பொடி தின்னச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஒரு பாட்டில் ஜாமு மூலிகைச் சாறு கொண்டுவந்து வைத்தார். வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் ஒருத்தி, "பிள்ள பெத்தா சரியாயிடும் லா" என்றாள்.

"ரெண்டு பெத்துட்டேன். இன்னும் எத்தன பெக்கணும்? உங்க பிள்ளைக்கு சீட் பத்தாம போயிடும்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன், சில கைவைத்தியம் கொஞ்சம் கை கொடுத்தது. சுடுதண்ணீர்ப் பையை இடுப்புக்குப் பின்னால் வைத்து ஓட்டினால் வலி ஒரு படி இறங்கும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அரை மணி நேரம் நடந்தால் உடம்பு லேசாகும். தே தாரேக் டீயைக் குறைத்தபோது வயிற்று உப்புசம் குறைந்தது. அவ்வளவுதான். வலி இறங்கியது, போகவில்லை.

தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் மாமியார் தைப்பூசத்துக்கு எனக்காக வேண்டிக்கொண்டார். நான் பால் குடம் எடுக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விரதம், சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை. எனக்கும் மறுப்பில்லை. வலிக்கிறவளிடம் எதைச் சொன்னாலும் செய்வாள்.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு மாதவிலக்கு கணக்காக வராது. நடுவில் வந்தால் சாமி அறைப் பக்கம் போகக்கூடாது, விரதம் முறிந்தது என்பார்கள். அதற்கு எங்கள் பெண்களிடம் ஒரு வழி உண்டு. நாள் தள்ளிப்போடும் மாத்திரை. கல்யாணம், பூசை, தீமிதி எதுவானாலும் பார்மசிக்குப் போய் "கோயிலுக்கு" என்றால் போதும். என் அம்மா போட்டார், மாமியார் போட்டார், எல்லோரும் போட்டார்கள். முதல் அட்டையை மாமியாரே வாங்கி வந்தார். அதற்கு மேல் அந்தக் கடையில் தர மாட்டேன் என்றதும் நான் இன்னும் இரண்டு கடை ஏறினேன். எந்தக் கடையிலும் "உங்களுக்கு வேற எதுவும் நோவு இருக்கா?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டு நாளும் விலக்கு வரவில்லை. வலியும் வரவில்லை. பால் குடத்தைத் தலையில் வைத்து நடந்தபோது அழுதேன். பல வருடத்துக்குப் பிறகு என் உடம்பு எனக்குச் சொந்தமான மாதிரி இருந்தது.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஒரு கெமிக்கல் இல்லாம போயிடுச்சு! பேசு, பேசு, குரூப்ல போடலாம்" என்று போனை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். பேசினேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு, எனக்குக் குணமாகிவிட்டது, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். பெருந்தன்மை வேறு!

மாத்திரை நின்ற மூன்றாவது மாதம் வலி திரும்பியது. முன்னைவிட மோசம். விரதத்தில் குறை என்றார் மாமியார். மறுபடியும் வெந்தயம், கருஞ்சீரகம். மறுபடியும் தேதி கேட்டு, மறுபடியும் காத்திருந்தேன். ஸ்கேனில் இடது சினைப்பையில் எலுமிச்சையைவிடப் பெரிய கட்டி. பார்த்த டாக்டர் அம்மா மலாய்க்காரர். நடுவில் வலியில்லாமல் இருந்த கதையைச் சொன்னேன்.

"அப்போது என்ன மருந்து எடுத்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"ஒன்றும் இல்லை. விரதம்தான்."

"ஒன்றுமே இல்லையா?"

"கோயிலுக்குப் போடுகிற மாத்திரை மட்டும்."

பெயர் கேட்டார். வெறும் அட்டை ஒன்று கைப்பையில் கிடந்தது, காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது ஹார்மோன் மருந்து. இந்த நோய்க்கே நாங்கள் எழுதிக் கொடுப்பது" என்றார். யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்துத்தான் தருவார்களாம், மூன்று கடை ஏறி வாங்கித் தின்னக்கூடாதாம். நல்ல திட்டு. வாங்கிக்கொண்டேன்.

கட்டியோடு இடது சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். முதல் தேதிக்கே போயிருந்தால் அது தப்பியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில்தான் இன்னும் குத்துகிறது.

வலிக்கு மாத்திரை போட்டால் கெமிக்கல் என்கிறார்கள். சாமி அறைக்குள் நுழைய அதே மாத்திரையைப் போட்டால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அது மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இவ்வளவும் நடந்த பிறகும் அந்தக் குரல் பதிவு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நாத்தனார் தேதியை விட்ட செய்தியை மாமியார்தான் பெருமையாகச் சொன்னார். "அவளும் விரதம் எடுக்கப் போறா. உன்னப் பாத்துத்தான். ஆனா உன்ன மாதிரி கொற வைக்க மாட்டா."

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நேராக உலு திராமுக்கு விட்டேன். மாமியார் அங்கேதான் இருந்தார். மேசையில் வெந்தயத் தண்ணீர், பக்கத்தில் புது மாத்திரை அட்டை. நான் அட்டையைத்தான் முதலில் எடுத்தேன்.

"இதுதான் என் வலிய நிறுத்துச்சு. விரதம் இல்ல" என்றேன்.

"அலமாக்! ஏன் அண்ணி இத முன்னாடியே சொல்லல?"

"வெக்கம்" என்றேன்.

"அப்போ சாமி ஒண்ணுமே செய்யலையா?" என்றார் மாமியார்.

"சாமிய இழுக்காதீங்க அத்த. அவ பால் குடம் எடுக்கட்டும், நான் கூட நடக்கறேன். ஸ்கேனுக்கும் போகட்டும். சாமி கோவிச்சுக்காது."

"ஒனக்கு வாய் நீளம்."

"இந்த வாய வச்சித்தான அன்னிக்கு குரூப்ல பேச வச்சீங்க?"

மாமியார் உள்ளே போய்விட்டார். நாத்தனாரை வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனில் பேசினால் வேலைக்காகாது. கவுண்டரில் இருந்த பெண் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கேன்சல் என்று சொன்னதை யாரும் பதிவே செய்யவில்லையாம். தேதி அப்படியே இருக்கிறது, வரும் வியாழக்கிழமை. அரசாங்க ஆஸ்பத்திரியின் மெத்தனத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னேன். நாத்தனார் தேதிச் சீட்டை வாங்கி, மடித்து, ஐசி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

கார் பார்க்கில் வேனுக்குள் உட்கார்ந்தே புதுக் குரல் பதிவு போட்டேன். "முன்னாடி நான் சொன்னது தப்பு. நான் மருந்து எடுத்தேன். கோயிலுக்குப் போடுற மாத்திரை மருந்துதான். தேதி கெடச்சவங்க தேதிய விடாதீங்க" என்றேன். என் சினைப்பை போன கதையையும் சொன்னேன். இத்தனை நாள் கட்டியை எடுத்தார்கள் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது. உலு திராம் திரும்பும் வழியில் மாமியாரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. நாத்தனார்தான் வாசித்துக் காட்டினாள்: "அப்ப வெந்தயத் தண்ணி குடிக்கலாமா கூடாதா?"

"குடிக்கச் சொல்லு. குடிச்சிட்டு வியாழக்கிழம காலையில ரெடியா இருக்கச் சொல்லு, அவங்களும் கூட வரணும்" என்றேன். நாத்தனார் அப்படியே தட்டி அனுப்பினாள்.