காலண்டர் ஓரத்தில் அப்பா எழுதியது

ஓராண்டுக்கு முன் அம்மாவை வழியனுப்ப எங்கள் காஜா பெராங் வீட்டுக்கு வந்தவர்கள்தான் இந்த நினைவு மலரைப் படிக்கிறீர்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் நாம் எல்லாரும் ஒன்றை மறைத்தோம்.

அம்மா பிறந்தது புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் ரப்பர்ப் பால்வாளி தூக்கினார். கல்யாணமாகி டவுனுக்கு வந்து எங்கள் நால்வரை ஆளாக்கினார். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த ஆண்டு அவருக்கு நாற்பத்திரண்டு வயது. குடியுரிமைத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர், மையைத் தேய்த்துக்கொண்டே, "இதான்டி கடைசி. இனிமே பேரு எழுதுவேன்" என்றார்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். சிக்கியவருக்கெல்லாம் பாடம் எடுக்கும் ஆர்வம். அன்றே சிலேட்டு வாங்கி வந்துவிட்டேன். அப்பா பஸ் கண்டக்டர். "நாளைக்கு நீதான் டிக்கெட் கிழிக்கப் போறியா?" என்பார். "கிழிச்சா உங்களுக்கு ஓசி கிடையாது" என்பார் அம்மா.

பாடம் தொடங்கிய மூன்றாம் மாதம் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் அப்பாவிடம் சொன்னேன்: கட்டி, பரவிவிட்டது, ஒரு வருடம் தாங்கினால் பெரிது. அம்மாவிடம் 'ரத்தம் கம்மி' என்று சொல்லிவைத்தோம்.

அப்பா எதையும் அடுப்படிச் சுவரிலிருந்த காலண்டரின் ஓரத்தில் எழுதிவைப்பார். இத்தனை வருடப் பழக்கம். அம்மா படிக்கத் தொடங்கியிருந்ததை மறந்து, கூட்டெழுத்தில் எழுதிவிட்டார்: 'கட்டி பரவிவிட்டது. அவளிடம் சொல்லக்கூடாது.'

"கிழிச்சிடுங்கப்பா" என்றேன்.

"கிழிச்சா ஏன்னு கேப்பா. நீ பாடத்த நிறுத்து."

நிறுத்தினாலும் கேட்பாரே. மெதுவாக்கினேன். படித்ததையே திரும்பப் படிக்கவைத்தேன். அம்மா விடவில்லை. கடைப் பலகை, பொட்டலக் காகிதம், எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டினார். "உங்கப்பா எழுத்து புழு நெளியுற மாதிரி இருக்கு. அதையும் ஒரு நாளு படிச்சிடணும்" என்றார். அவர் அடுப்படியில் தலை நிமிர்ந்தாலே நான் போய்க் காலண்டரை மறைத்து நின்றேன்.

ஒரு சாயங்காலம் வீடு திரும்பினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "அவளிடம்னு எழுதியிருக்காரே, அந்த அவ நான்தானா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழாத. எனக்குத் தெரியும்னு உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாரு. நான் போனப்புறம் இத எழுதி அவருகிட்ட குடு. எழுத்துன்னாத்தானே அவருக்குப் புடிக்கும்."

பிறகு அம்மா ஒரு நாளையும் சும்மா விடவில்லை. பத்து வருடம் பேசாதிருந்த சின்னம்மாவைத் தேடிப் போய்ப் பேசினார். தம்பிக்குச் சோறாக்கக் கற்றுக்கொடுத்தார். அப்பாவின் ஓய்வு நாள்தோறும் அவரைக் கிளேபாங் கடற்கரைக்கு இழுத்துப் போனார். "ரத்தம் ஊறிடுச்சு போல" என்று அப்பா பூரித்தார். நான் தலையாட்டினேன். டாக்டர் சொல்லிப் பத்தாவது மாதம் அம்மா படுக்கையில் விழுந்தார். மூன்றே வாரம்தான்.

அந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கேட்கும் முன்பே காரை எடுத்துவந்த மாமாவுக்கும், அப்பாவின் வேலையைப் பகிர்ந்துகொண்ட பஸ் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அம்மா சொன்னபடியே, இதுவரை எழுதியதை முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"கிளேபாங்குல சிரிச்சிக்கிட்டே இருந்தாளே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

தாளை என்னிடமே நீட்டி, "அச்சுக்குக் குடுத்திடு" என்றார்.