பட்டப்பகலில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர்

கேண்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தபோது செய்தி வந்தது. பழைய கம்பெனிப் பஸ்ஸில் ஒன்றாகப் போய் வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சக்திவேல் எழுதியிருந்தான்: "நம்ம டிரைவர் ஏழுமலை அண்ணன் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலின்னாராம். மணிமங்கலம் வூட்லதான் வச்சிருக்காங்க." தட்டை அப்படியே வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை என்று எங்களை ஏற்றி இறக்கிய ஏழுமலையை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை ஒருமுறையாவது திட்டியிருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கியரை மாற்றிப் போய்விட்டார். மறுநாள் சண்டைக்குப் போனபோது, "வண்டி முதலாளிது. டைம் மட்டுந்தான் என்னுது. அதையும் உனக்குக் குடுத்துட்டா எனக்கு இன்னா மீதி?" என்றார். நான் பேசிய பேச்சிலிருந்து ஊரைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து என்னைக் கோயில்பட்டி என்றே கூப்பிட்டார்.

ஏறுவதற்குத்தான் அவரிடம் இரக்கம் கிடையாது. இறக்கிவிடுவதில் வேறு ஆள். ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. மற்ற வண்டிகள் எல்லாரையும் முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பின. இவர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து ரோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொருவரையும் அவரவர் நிறுத்தத்தில் இறக்கினார். "என் வண்டில ஏறுனவன் இறங்கினாத்தான் எனக்கு வேலை முடியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நான் வேலை பார்த்த கம்பெனியின் குடோனில் செம்புக் கம்பி காணாமல் போனது. என்னைப் போல வெளியூரிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஒரு காலையில், பால் வாங்கிக்கொண்டு தெருவில் வந்த என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். தெரு முழுக்கப் பார்த்தது. என் மனைவி முத்துலட்சுமி ஜீப்புக்குப் பின்னால் ஓடி வந்தாள். இரண்டு இரவு ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிறகு கேமராவில் வேறு ஒருவன் அகப்பட்டான். என் செல்போனையும் பெல்ட்டையும் கையில் கொடுத்து, "போ" என்றார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தெருவில் நடக்க வேண்டும். கடைக்காரர், பக்கத்து வீட்டார், எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண்கள், எல்லாரும் இருப்பார்கள். பொழுது சாயட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த எங்கள் வண்டி அந்த வழியாகப் போனது. தாண்டிப் போய் நின்றது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடிக்க, ஏழுமலை இறங்கி வந்தார்.

"இன்னா கோயில்பட்டி, இங்க குந்திகினு கீற? வுட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கண்ணே. நீங்க போங்க. நான் பெறவு போயிக்கிடுதேன்."

"பெறவுன்னா? இருட்டனதுக்கு அப்புறமா?"

நான் நிழலுக்குள் இன்னும் தள்ளி உட்கார்ந்தேன்.

"உன்ன எப்ப இட்டுகினு போனாங்க?"

"காலைல."

"எல்லாம் பாக்கத்தான? அப்ப எல்லாம் பாக்கத்தான் வூட்டுக்குப் போவணும். ஏறு."

ஏறினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் குளிக்காத உடம்பு. கடைசி சீட்டுக்குப் போகப் பார்த்தேன். பேக்கிங் செக்‌ஷன் ராணி அக்கா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டிலில் இருந்த மோரைக் கொடுத்தார். அதைக் குடித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் நிறுத்தம் மெயின் ரோட்டில். வண்டி அங்கே நிற்கவில்லை. "அண்ணே, தாண்டிட்டீங்க" என்றேன். அவர் திரும்பியும் பார்க்காமல் எங்கள் தெருவுக்குள் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஆட்டோவே ஒதுங்கிப் போகிற தெரு அது. வேப்பங்கிளைகள் கூரையை உரச, ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்க்க, பஸ் மெதுவாக ஊர்ந்துபோய் என் வீட்டுக்கு முன்னால் நின்றது.

"எல்லாம் இறங்குங்கபா" என்றார். வண்டியே இறங்கியது.

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. என்னிடம் ஓடி வந்தவள், எனக்குப் பின்னால் ஏழுமலையின் காக்கிச் சட்டையைக் கண்டதும் வீறிட்டு அலறி, அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்தாள். ஏழுமலைக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், அவசர அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை வண்டிக்குள் எறிந்துவிட்டு, பனியனோடு தரையில் குந்தினார்.

"மாமா போலீஸ் இல்லமா. பஸ்ஸு ஓட்ற மாமா. தோ பாரு பஸ்ஸு. உங்கப்பாவ இட்டாந்து வுட வந்தேன்."

அவள் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

வீட்டுக்காரர் கோவிந்தன் அதற்குள் வந்துவிட்டார். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிடும்படி முதல்நாள்தான் முத்துலட்சுமியிடம் சொல்லியிருந்தார். "இன்னாபா, கம்பெனி பஸ்ஸு இங்க?" என்றார்.

"நம்மாள வுட வந்தோம்" என்றார் ஏழுமலை. "இவரு மேல ஒண்ணும் இல்லன்னு அனுப்சிட்டாங்க. திருடுனவன் மாட்டிகினான். யாருக்குனா எதுனா கேக்கணும்னா இப்பவே கேளுங்க. இவர் கூட வேல செய்றவங்க இத்தினி பேரு கீறோம்." பிறகு என் மனைவியிடம் திரும்பி, "எல்லாத்துக்கும் தண்ணி குடும்மா" என்றார்.

ஒவ்வொருவராக எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். பாதிப் பேர் குடிப்பதற்குள் எங்கள் குடம் காலியாகிவிட்டது. கோவிந்தனின் மனைவி உள்ளே போய்த் தன் வீட்டுத் தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து எங்கள் வாசலில் வைத்தார். காலி செய்வது பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. ஏழுமலை பனியனோடே வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு தெருவை விட்டுப் போனார்.

மணிமங்கலத்தில் அவருக்கு மாலை போட்டுவிட்டு நின்றேன். அவர் மனைவி கஸ்தூரி அக்கா என்னை உற்றுப் பார்த்து, "நீதான கோயில்பட்டி?" என்றார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். "உங்க தெருவுக்குள்ள பஸ்ஸ வுட்டாருன்னு வண்டிய வுட்டுத் தூக்கிட்டாங்களே, உனக்குத் தெரியுமா? கொஞ்ச மாசம் தண்ணி லாரிதான் ஓட்னாரு."

எனக்குத் தெரியாது. அப்போது வேறு டிரைவர் வந்தார். ஏழுமலை திரும்பி வந்தபோது கேட்டோம். முதுகு வலி என்று சொன்னார், நம்பினோம்.

"உன்கிட்ட சொல்லுயான்னு நான்தான் சொன்னேன்" என்றார் அக்கா. "வேணாம்னுட்டாரு. 'சொன்னா, நாளைக்கு என்னப் பாத்து தலையத் தொங்கப் போட்டுகினு ஏறுவான். அவன் நல்லா ஏறட்டும்'னாரு."

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில், எதுவும் தெரியாமல், தலை நிமிர்ந்து அவர் வண்டியில் ஏறினேன். தாமதமாக ஓடிவந்தால் விட்டுவிட்டுப் போனார். நானும் உரிமையோடு திட்டினேன். அந்தக் காலைகள் அத்தனையும் அவர் எனக்குக் கொடுத்தவை என்று இப்போதுதான் தெரிகிறது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. வைத்துக்கொள்கிறேன்.