நியூசிலாந்துக்கு மலையிறங்கப் போனது

வெளிநாடு போக அனுமதி கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தை எங்கள் அதிகாரி இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"பயணத்தின் நோக்கம்: மலையிலிருந்து மிதிவண்டியில் இறங்குதல்னு போட்டிருக்கீங்க. இன்னாமா இது?"

"போட்டி சார். சைக்கிள் போட்டி."

"எறங்கறதுக்கா? ஏறறதுக்குதானேமா போட்டி வெப்பாங்க? எறங்கறது உருட்டி வுட்டா தானா எறங்கிடுமே."

நான் விளக்கினேன். இந்தப் போட்டிக்கு என்டியூரோ என்று பெயர். மலைமேல் நாமே மிதித்து ஏற வேண்டும், ஆனால் அந்த ஏற்றத்துக்கு நேரக் கணக்கு கிடையாது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு காட்டுப் பாதையில் கீழே இறங்குவதற்குத்தான் கடிகாரம் ஓடும். அப்படி நான்கு இறக்கங்கள். நான்கு நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் கம்மியோ அவர்தான் முதல்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கஷ்டப்பட்டு ஏறறதுக்கு மார்க் கெடையாது, ஈசியா எறங்கறவனுக்கு மார்க்கு. நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்குது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்ட வயது. சங்கராபுரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையில் ஏறி, வெள்ளிமலைப் பக்கத்து ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளை இறக்குவேன். பாதை முழுக்கப் பாறையும் சரளையும்தான். ஆரம்பத்தில் மலைக்காரர்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். "வழி தெரியாம வந்துட்டியாமா? ரோடு அந்தாண்ட இருக்குது," என்று கைபிடிக்காத குறையாகக் கொண்டுபோய்த் தார்ச்சாலையில் விடுவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் மறுபடி பாதைக்கு வந்துவிடுவேன்.

நியூசிலாந்தில் ஒரு போட்டிக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று இணையத்தில் பார்த்து, ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். நாற்பது வயதுக்கு உட்பட்ட, தொழில்முறை அல்லாத பெண்கள் பிரிவு. சரி என்று பதில் வந்த பிறகுதான் நியூசிலாந்து எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன்.

அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "தனியாலாம் அனுப்ப முடியாது. மாமாவ இட்டுகினு போ."

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நைனார்பாளையத்துக்காரர். சொந்த டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றுபவர். எப்போதோ துபாய் போகலாம் என்று பாஸ்போர்ட் எடுத்து, போகாமலே இருந்துவிட்டவர். அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையாவது விழ வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது. "நான் மேனேஜரா வர்றேன்," என்றார். யாரும் நியமிக்கவில்லை. அவரே நியமித்துக்கொண்டார்.

சைக்கிளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் வைத்தது நான். பெட்டியைக் கட்டியது மாமா. கரும்பு லோடு கட்டுகிற அதே கயிறு, அதே முடிச்சு. ஒரு காலைப் பெட்டிமேல் வைத்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்துக் கட்டினார். "மூங்கில்துறைப்பட்டு ஆலை வரிக்கும் எத்தினி பள்ளத்துல எறங்கியிருக்குது என் லோடு. ஒரு கழி கீழ வுழுந்தது கெடையாது," என்றார். கட்டி முடித்தபோது பெட்டி நடுவில் இடுப்பு வைத்ததுபோல் இருந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பஸ். அங்கிருந்து இரண்டு விமானம். முதல் விமானத்தில் மாமா பெல்ட்டைக் கழற்றவே இல்லை. கழிவறைக்குப் போகச் சொன்னாலும், "வேணாம், எறங்கிப் போய்க்கலாம்," என்றார்.

நியூசிலாந்தில் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. வெளிநாட்டுப் பூச்சியோ விதையோ மண்ணோ உள்ளே வந்து அவர்களுடைய விவசாயத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பழைய சைக்கிள் கொண்டு வருகிறேன் என்று நான் படிவத்தில் ஒழுங்காக எழுதியிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சிரித்த முகமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். இறைச்சி? இல்லை. தேன்? இல்லை. பழம்?

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"இன்னா கேக்குது அந்தம்மா?"

"பழம் இருக்குதான்னு கேக்கறாங்க மாமா."

மாமா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, எலுமிச்சம்பழம் பழத்துல சேர்த்தியா?" என்றார்.

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க மாமா இருக்குது எலுமிச்சம்பழம்?"

"பொட்டிக்குள்ள. நீ சாப்புடப் போன நேரத்துல வண்டிக்குப் பூச போட்டேன். ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணு ஒண்ணு. அப்பறம் கண்ணு படாம இருக்க, ஹேண்டில் பார்ல ஒண்ணு."

"அவ்ளோதானா?"

"அதோட நாலு பச்ச மொளகா."

நான் அந்த அம்மாளிடம் திரும்பி, என் தட்டச்சு ஆங்கிலத்தில், எங்களிடம் மூன்று எலுமிச்சம்பழங்களும் நான்கு மிளகாய்களும் இருக்கின்றன, அவை சைக்கிளின் பாதுகாப்புக்காக என்றேன். பாதுகாப்புக் கருவியா என்று அவர் கேட்டார். ஒரு வகையில் ஆமாம் என்றேன். சோதனைக்கு முன்பே நாங்களாகச் சொல்லிவிட்டதால் தவறில்லை, பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

பெட்டியை யார் திறப்பது? ஓர் இளைஞர் வந்து முடிச்சைப் பார்த்தார். இன்னொருவர் வந்தார். இருவரும் இரண்டு பக்கம் நின்று இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. மூன்றாமவர் கத்தியை எடுத்ததும் மாமா பாய்ந்தார்.

"அறுக்காதீங்க சார்! கயிறு வீணாப் பூடும்! நான் அவுக்கறேன்!"

அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் மாமாவின் முகம் புரிந்திருக்க வேண்டும். விலகிக்கொண்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, காலைப் பெட்டிமேல் ஊன்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியை ஒரு சுண்டு சுண்டினார். மொத்தக் கட்டும் பொலபொலவென்று கழன்று விழுந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள். ஒருவர் அதை மறுபடி செய்து காட்டச் சொன்னார். பின்னால் நின்ற வரிசை நீண்டுகொண்டே போயிற்று.

எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஒரு பைக்குள் போய் முத்திரை வைக்கப்பட்டன. அத்தோடு விட்டார்களா? டயரில் விளக்கடித்துப் பார்த்து, பள்ளம் ஒன்றிலிருந்து கடுகளவு செம்மண்ணை எடுத்துக் காட்டினார் அந்த அம்மாள். நான் மூன்று முறை கழுவிக் கொண்டுவந்த டயர். சைக்கிளை உள்ளே கொண்டுபோய்க் கழுவித் திருப்பித் தந்தார்கள். வாங்கியபோதுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை. "வாட்டர் சர்வீஸ் நம்மூர விட சூப்பரு," என்றார் மாமா.

போட்டி நடந்த ஊர் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. கோடை முடியும் காலம் என்றார்கள். எங்களுக்கு மார்கழிபோல நடுங்கியது. மாமா குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு, கீழே வேட்டி கட்டிய தோற்றத்தில் ஊரைச் சுற்றினார். இரண்டாம் நாளே கடைத்தெருவில் எல்லோரும் அவருக்குக் கையசைத்தார்கள். என்னை ஒருவருக்கும் தெரியாது.

போட்டியன்று முதல் ஏற்றத்தில் நான் என் பிரிவில் எல்லோரையும் முந்திவிட்டேன். வேகமாக ஏற வேண்டிய அவசியமே இல்லை என்று தெரியும். ஆனால் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறிப் பழகிய கால் கேட்கவில்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, சாவகாசமாக வந்தார்கள். உச்சியில் மாமா நின்றுகொண்டிருந்தார். போட்டிக்கு உதவ வந்த தொண்டர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு முன்பே வந்துவிட்டிருந்தார்.

"பஸ்ட்டு!" என்று கத்தினார். "நம்மதான் பஸ்ட்டு!"

"மாமா, இது கணக்குல வராது. இன்னும் போட்டியே ஆரம்பிக்கல."

"நீ சும்மா இரு. எனுக்குக் கண்ணு இல்லியா?"

நான் முழங்கால் காப்பை இறுக்கி, தாடையையும் மூடுகிற பெரிய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அந்தாண்டை போய்க் கைப்பேசியில் எதையோ பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார். அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்தக் காட்டில் பாறையே கிடையாது. எல்லாம் மர வேர். முந்தின இரவு மழையில் ஒவ்வொரு வேரும் எண்ணெய் தேய்த்த விலாங்குபோல இருந்தது. நான் மூன்று முறை விழுந்தேன். மூன்றாவது முறை பெரணிப் புதருக்குள் தலைகீழாகப் போய்விட்டேன். பின்னால் வந்த பெண் என்னைத் தாண்டும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் கேட்டாள். புதருக்குள் கிடந்தபடி பரவாயில்லை, பரவாயில்லை என்று இருவருக்கும் பதில் சொன்னேன்.

இரண்டாவது இறக்கத்தில் வழிகாட்டும் நாடாவைக் கவனிக்காமல் நேராகப் போய் யாரோ ஒருவருடைய வேலியில் முட்டினேன். வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெரியவர் என்னைப் பார்த்து அதிர்ச்சி அடையவில்லை. இடதுபக்கம் கை காட்டினார். அன்றைக்கு நான் அவருக்கு நான்காவது ஆள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது இறக்கம் ஓடைப் பக்கமாகப் போயிற்று. ஒரு திருப்பத்தில் திடீரென்று வேர்கள் முடிந்தன. செங்குத்தாகப் பாறைச் சரிவு, கீழே உருண்டைக் கற்கள். எனக்கு முன்னால் போன பெண் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எனக்கோ பயம் சட்டென்று போய்விட்டது. இந்தக் கல்லை எனக்குத் தெரியும். பின்சக்கரம் எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று கைக்கும் காலுக்கும் தெரியும். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். கீழே வந்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன். அங்கே நின்றிருந்த நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு இறக்கத்தில் மட்டும் என் பிரிவில் நான்காவதாக வந்தேன். அன்று வேறு எதுவுமே நடக்காமல் இருந்திருந்தாலும் எனக்கு அது போதும்.

கடைசி இறக்கத்தின் ஓரத்தில் கூட்டம். அந்த ஊரில் கைதட்டுவதற்குப் பதிலாக மாட்டு மணியை ஆட்டுகிறார்கள். மாமாவின் கையிலும் யாரோ ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். "மாடே இல்லாம மணி ஆட்டிகினு கெடக்கறானுங்க," என்று பிறகு சொன்னார். ஆனால் அவரைவிடப் பலமாக அன்று யாரும் ஆட்டவில்லை. தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுவிட்டால் எல்லாப் பிரிவினரும் ஒரே மாதிரிதான் இருப்போம். அதனால் மாமா வந்த அத்தனை பேரையும் நான் என்றே நினைத்து, "வுடாத! வுடாத! மிதி பாப்பா!" என்று கத்தியிருக்கிறார், கைப்பேசியில் படமும் பிடித்திருக்கிறார். உண்மையில் நான் வந்தபோது தொண்டை கட்டி, தேநீர் குடிக்கப் போய்விட்டிருந்தார்.

மொத்தத்தில் பன்னிரண்டு பேரில் பதினோராவது இடம். பன்னிரண்டாவது பெண் முதல் இறக்கத்திலேயே சங்கிலி அறுந்து, அப்போதே ஊருக்குள் போய்க் காபி குடித்துக்கொண்டிருந்தவள்.

திரும்பி வந்து சங்கராபுரம் பஸ் நிலையத்தில் இறங்கினோம். எதிரே இருபதடி ஃப்ளெக்ஸ். 'நியூசிலாந்து மலையில் முதலிடம் பிடித்த எங்கள் வீரமங்கையே! வருக! வருக!' சுற்றி வர மாமாவின் டிராக்டர் நண்பர்கள் இருபத்து நான்கு பேருடைய முகம். நடுவில் தலைக்கவசத்தோடு, சைக்கிளை அந்தரத்தில் பறக்கவிட்டபடி ஓர் உருவம். பட்டாசு வெடித்தார்கள். மாலை போட்டார்கள். முதல் ஏற்றத்தின் உச்சியிலிருந்து மாமா அனுப்பிய குரல் பதிவும், கடைசி இறக்கத்தில் அவர் எடுத்து அனுப்பிய படமும்தான் இத்தனைக்கும் காரணம்.

அக்கா மட்டும் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏன்டி, அந்தப் போட்டோவுல உனுக்குக் காலு ஏன் அவ்ளோ முடியா இருக்குது?"

நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஆறடி ஆள். தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. கெண்டைக்காலில் தங்க நிறத்தில் ரோமம் காற்றில் பறந்தது.

"மாமா," என்றேன், "இது யாரு?"

மாமா கிட்டே போய்ப் பார்த்தார். ஊர் வந்தும் போட்டிருந்த குல்லாவைக் கழற்றினார். "அப்ப நீ எங்கமா இருந்த?"

"நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க மாமா."

நான் அங்கேயே, மாலையோடு, எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். நான் பதினோராவதாகத்தான் வந்தேன், அந்தப் படத்தில் இருப்பது யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரர், தயவுசெய்து இறக்கிவிடுங்கள் என்றேன். டிராக்டர் நண்பர்கள் கூடிப் பேசினார்கள். அவர்களில் மூத்தவர் வந்து சொன்னார்.

"இருக்கட்டும் வுடும்மா. அந்தாளும் யாரோ பெத்த புள்ளதானே? அவ்ளோ ஒசரத்துலருந்து எறங்கிகினு வர்றாரு. பாவம், அவங்க ஊர்ல அவருக்கு யாரு ஃப்ளெக்ஸ் வெச்சாங்களோ."

பதினேழு நாள் அது அங்கேயே இருந்தது. தினமும் காலையில் அந்தக் கால்களுக்குக் கீழேதான் நான் அலுவலகம் போனேன்.