நாலு கிலோமீற்றர் ஓடிய மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டு முன் ஹோலில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒன்பது வருஷம் நின்றது. ஓடாமல் நின்றது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஓடுகிற சைக்கிளை ஆர் ஹோலுக்குள் வைப்பார்? மீற்றரில் நாலு கிலோமீற்றர் காட்டியது. அந்த நாலும் நான் ஓடியதல்ல.

சம்மாந்துறைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தின் சாமான்களை ஏலம் விட்ட நாளில் அதை எடுத்தேன். வெளிக்கள உத்தியோகத்தர்கள் வயல் வயலாகப் போய் வருவதற்கென்று எப்போதோ இறக்கிய ஜப்பான் சைக்கிள்களில் ஒன்று. மற்றவையெல்லாம் ஓடித் தேய்ந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. இது மட்டும் யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பூட்டிய ஓர் அறைக்குள் அகப்பட்டு, சீற்றில் பொலித்தீன் உறையோடும் கைபிடியில் எண்ணெய்க் கடதாசியோடும் அப்படியே நின்றிருந்தது. நான் அன்று போனது ஓர் இரும்பு அலுமாரி வாங்க. அலுமாரியை வேறு ஆரோ எடுத்துக்கொண்டு போக, நான் சைக்கிளுக்குக் கையை உயர்த்தினேன். ஏன் உயர்த்தினேன் என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

நான் மருந்தாளர். முப்பது வருஷம் ஆசுப்பத்திரி யன்னலுக்குப் பின்னால் இருந்து, ஒவ்வொரு போத்தலிலும் காலாவதித் திகதி பார்த்தே கண் பழுதானவன். என் கைக்கு வந்த பொருட்களில் திகதி போடாமல் புதிதாக வந்தது அது ஒன்றுதான். அதுவே எனக்கு வினையாகியது. ஓடினால் சங்கிலியில் மண் ஏறும், மீற்றர் ஐந்துக்குப் போகும், அதற்குப் பிறகு அது ஊரில் ஓடுகிற ஆயிரம் சைக்கிளில் ஒன்று. ஓடாவிட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பெற்றோல் தாங்கிக்குள் துருவேறிக் கறள் பிடிக்கும், கடல் காற்று தன் பாட்டில் தின்னும். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரவில் அலைச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள், நான் உப்பை நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

அதனால் ஹோலில் ஒரு பலகை மேடை அடித்து அதில் ஏற்றினேன். பழைய கட்டில் விரிப்பால் மூடினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முன் விரிப்பை நீக்கித் துடைப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் கட்டி, புகைச் சோதனைக்கும் கொண்டு போவேன். ஓடிக்கொண்டு அல்ல. இறக்காமத்தில் வயல் செய்கிற மச்சானின் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு, அதன் மேல் சைக்கிளை நிறுத்தி, பக்கத்தில் நானும் பிடித்துக்கொண்டு நின்று போவேன். வீதியில் சனம் பார்த்துச் சிரிக்கும்.

"மச்சான், ஒண்டில் இத ஓடுங்க, இல்லாட்டி எனக்குத் தாங்க. ஆனை வார நேரத்தில வயலுக்குப் போகவாச்சும் உதவும்" என்பார் மச்சான். அவருடைய வரம்புச் சேற்றையும் யானையையும் நினைத்து நான் கைபிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இந்தப் பயத்தின் அடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். ஓர் ஆண் பிறந்து வளர்கிற வீடு அவனுடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். கல்யாணம் முடித்துப் போய் இருக்கிற வீடு பெண்சாதியுடையது. கடன்பட்டு, வெயிலில் நின்று அவன் பெருப்பிக்கிற அதே வீடு பிறகு மகளுடையது. நல்ல வழக்கம்தான், பெண்பிள்ளை தெருவில் நிற்க மாட்டாள். ஆனால் என் தங்கச்சியின் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் என் வாப்பா ஒரு ரங்குப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போட்ட சின்ன வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு முன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். தான் கல் சுமந்து கட்டிய வீட்டுக்குள் வர, செருமல். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் பின் வீட்டுக்குப் போகிற நாளில் என்னுடையது என்று சொல்லிக் கொண்டு போக ஒரு பொருள், பழுதில்லாத ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வெளியே சொல்ல வெட்கம். ஆனால் உண்மை அதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். போன வருஷம் அவளுக்கு மருதமுனையில் ஓர் இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கட்டாரில். அவருடைய பெரியவாப்பாவும் நாலைந்து உறவினர்களும் வீடு பார்க்க வந்தார்கள்.

வீடு பார்க்க வருகிற நாளில் ஹோலில் நிற்கிற எதுவும் பெண்ணோடு சேர்ந்த சாமான். கதிரை செற், அலுமாரி, மேலே சுற்றுகிற காற்றாடி, எல்லாம் சொல்லாமலே சொன்ன வாக்கு. அதனால் விவரமான ஆட்கள் முதல் நாளே தங்கள் சொந்தச் சாமானைப் பின் அறைக்குள் தள்ளிவிடுவார்கள். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், யன்னல் சீலை மாற்றினேன், பூச்சாடி வாங்கினேன். ஒன்பது வருஷம் கண்ணில் பட்டுப் பட்டே சைக்கிள் எனக்குச் சுவரோடு சுவராகிவிட்டது. மறந்தே போனேன்.

பெரியவாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! புத்தம் புதிசா இரிக்கே. எல்லாம் ஆயத்தமாத்தான் வெச்சிரிக்கீங்க, மச்சான்."

'அது என்னுடையது' என்று இரண்டே சொல். சொல்லியிருக்கலாம். திரைச்சீலைக்குப் பின்னால் மகள் நிற்கிறாள் என்று தெரிந்தது. சைக்கிளுக்காக மகளின் சபையில் வாய் திறந்த வாப்பா என்று பெயர் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சைக்கிள் கை மாறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளைப் பற்றி என்ன சொல்ல? சோற்றைப் பிசைவேன், வாய்க்குப் போகாது. வெள்ளிக்கிழமைகளில் விரிப்பை நீக்கித் துடைக்கவும் மனம் வரவில்லை. ஒரு நாள் இரண்டு நோயாளிகளின் மருந்துப் பையை மாற்றி நீட்டிவிட்டு, நல்ல காலம், யன்னலிலேயே பிடித்துத் திருப்பி வாங்கினேன். அன்று வேலை முடிந்ததும் முடிவெடுத்தேன். சைக்கிளை ஓட வேண்டும். ஓடிய சைக்கிளை ஒருவரும் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, கொடுத்தால் மரியாதையும் இல்லை. மீற்றரில் ஐம்பது அறுபது ஏறிவிட்டால் அது என்னிடமே தங்கிவிடும். ஒன்பது வருஷம் காத்ததை நானே கெடுத்தால்தான் அது எனக்கு மிஞ்சும் என்கிற கணக்கு. இப்படி ஒரு கோணல் கணக்கை நான் வாழ்க்கையில் போட்டதில்லை.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து, சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விரிப்பை நீக்கினேன். முன் மட்காட்டில் கறள். மிளகு தூவியது போலப் புள்ளி புள்ளியாக. தாங்கி மூடியில், ஹேண்டிலில், மீற்றரைச் சுற்றியிருந்த வெள்ளி வளையத்தில், எல்லாவற்றிலும். மேடை விளிம்பிலேயே இருந்துவிட்டேன்.

மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

"என்ன நடந்த? முகம் ஏன் இப்பிடி வெளுத்திரிக்கி?"

விரலால் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"யா அல்லாஹ்... நான்தான்."

"நீயா?"

"அந்த மனிசன் அண்டைக்கு வாய் நிறையச் செல்லிட்டுப் போனார்தானே. கண்ணூறு பட்டிரும் எண்டு பயந்தன். லெப்பைக்கிட்ட உப்பும் தண்ணியும் ஓதி எடுத்து, விரிப்புக்குக் கீழால தெளிச்ச. ஒவ்வொரு அசறுத் தொழுகைக்குப் பொறகும்."

"எத்தன நாள்?"

"இருவத்தொரு நாள்."

உப்புத் தண்ணீர். கடலிலிருந்து ஒன்பது வருஷம் நான் காத்த சைக்கிளுக்கு, என் வீட்டுக்குள்ளேயே, இருபத்தொரு நாள் உப்புத் தண்ணீர். அதுவும் கைபடத் தெளித்து, மேலே மூடிவைத்து. கோபம் தலைக்கேறியது. ஓதிய தண்ணீரைக் குறை சொல்லவும் முடியாது, ஓதிக் கொடுத்தவரையும் சொல்ல முடியாது.

"மருமகனுக்குப் போற சாமானுக்கு நீ ஏன் இவ்வளவு பாடுபட்ட?" என்று கேட்டேன், குத்தலாகத்தான்.

"மருமகனுக்கா? ஆரு செல்லின?" என்று நிமிர்ந்தாள். "நீங்க ராவெல்லாம் நித்திர கொள்ளாம கெடந்தீங்க. உங்கட சாமானுக்கு ஒண்டும் ஆகப்படா எண்டுதான் நான் தெளிச்ச."

அவளுடைய கண் கலங்கியதைக் கண்டதும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பழைய துணியை எடுத்து இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் துடைத்தோம். புள்ளி போகவில்லை.

இப்போது எனக்குப் புதுப் பயம். வாக்குக் கொடுத்த பொருள் பழுதாகிவிட்டது. கல்யாண நாளில் அவர்கள் விரிப்பை நீக்கிப் பார்த்தால் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அன்று பின்னேரமே மருதமுனைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன்.

பெரியவாப்பா கதிரை போட்டு உபசரித்தார்.

"மச்சான், ஒரு விசயம் செல்லோணும். அந்தச் சைக்கிள்ல கொஞ்சம் கறள் புடிச்சிட்டு."

"எந்தச் சைக்கிள்?"

"ஹோல்ல நிண்டது. மாப்பிள்ளைக்கு... நீங்க பாத்தீங்களே."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அந்தப் பழைய மொடலா? அத ஆரு மச்சான் கேட்ட? மகனுக்கு ஓடுறதுக்கு இஞ்ச ஸ்கூட்டி நிக்கி. அவன் அத ஏறிக்கூடப் பாக்க மாட்டான்."

"நீங்க மாஷா அல்லாஹ் எண்டு செல்லினீங்க..."

"ஒரு வீட்டுக்குப் போனா நல்ல வார்த்த ஒண்டு செல்லாம வாறயா? உங்கட வளவுல நிண்ட சேவலுக்கும்தான் மாஷா அல்லாஹ் செல்லின. சேவலையும் தரப் போறீங்களா?"

வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் சிரிப்பும் கேட்டது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருந்தது. ஆனால் கல் இருந்த இடம் வலித்தது. எவருக்கும் தேவைப்படாத ஒன்றுக்காகவா இத்தனை பாடு? 'பழைய மொடல்' என்ற சொல் என்னைச் சொன்னது போலவே பட்டது. உண்மையில் அன்று எனக்கு அழுகை வந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வீட்டு உறுதியை மகளின் பெயருக்கு எழுதினோம். வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி, பின் சந்து ஒழுங்கையில் ஒரு சின்னக் கேற்றும் வைத்திருந்தேன். முன் வீட்டுக் குசினி வாசலிலிருந்து முப்பது அடி. குடி போகிற நாள் காலையில் எங்கள் உடுப்புகள், சட்டி பானை எல்லாம் மகளும் மருமகனும் கையில் காவிக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள். ஹோலில் மிஞ்சியது சைக்கிள் மட்டும்.

"அது அங்கேயே நிக்கட்டும் வாப்பா. இடம் இரிக்கிதானே" என்றாள் மகள்.

நல்ல மனதோடு சொன்னாள். ஆனால் விருந்தாளியாக என் சைக்கிள் அங்கே நிற்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் நின்று செருமிவிட்டுத் துடைக்க வர வேண்டும்.

பலகை மேடையிலிருந்து இறக்கினேன். உருட்டிக்கொண்டு போனால் பின் வீட்டுக்கு அரை நிமிஷம். முற்றத்துக்கு வந்ததும் என்ன நினைத்தேனோ, கைபிடியை முன் கேற்றுப் பக்கம் திருப்பினேன். மனைவி கடைசிச் சாமானாகத் தொழுகைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு" என்றேன்.

"எங்க?"

"பின் வீட்டுக்கு."

அவள் வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஏறி இருந்தாள். நாலாவது உதையில் இயந்திரம் பிடித்தது.

கடற்கரை வீதியால் சாய்ந்தமருது வரைக்கும் போனோம். முதல் சந்தி வருவதற்குள் மீற்றரில் ஐந்து விழுந்தது. அதைக் கண்டேன். அதற்குப் பிறகு மீற்றரைப் பார்க்கவில்லை. முன்னால் போன மீன் லொறி சொட்டிக்கொண்டு போனது, தண்ணீர் சில்லில் தெறித்தது. மனைவியின் கை என் தோளைப் பிடித்திருந்தது. இந்த வயதில் ஊரெல்லாம் பார்க்கிறதே என்று அவள் முணுமுணுத்தாள், கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்து பின் ஒழுங்கைக் கேற்றில் நின்று ஹோர்ன் அடித்தேன். மகள் வளவால் ஓடி வந்து திறந்தாள்.

"எவ்வளவு ஓடின வாப்பா?"

குனிந்து பார்த்தேன். பதினொன்று.

சைக்கிளை வாசல் தகரப் பந்தலின் கீழ் நிறுத்திவிட்டு விரிப்பைத் தேடினேன். மகள் அதைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தாள், தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரம் கடல் காற்று எழும்பியது. உள்ளே கட்டிலில் கிடந்தபடி அது தகரத்தில் மோதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிளை மூடுவோம் என்று இரண்டு தரம் எழும்பினேன். இரண்டு தரமும் திரும்பப் படுத்துவிட்டேன்.