எதிர் வீட்டுப் பொங்கலும் பவுலின் நிருபமும்

ஆடி முதல் வெள்ளியன்று நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் பக்கத்திலேயே சாட்சி இருந்தது.

கணபதி ஏரியாவில் எங்கள் அபார்ட்மென்டில் எதிர் வீடு சாந்தாமணி அக்காவுடையது. என் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. ஸ்கூல் வேனிலிருந்து அவளை இறக்கி, பால் கொடுத்து, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை வைத்துக்கொள்வது அக்காதான்.

அன்று கூட்டிவரப் போனால், ஜெனி சோபாவில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூஜை அறையிலிருந்து சாம்பிராணிப் புகை.

"சாமிக்கு வெச்சதுங்களாக்கா?"

"பின்னே? சாமிக்கு வெக்காமத் தருவனுங்களா அம்மணி?"

படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது ஞாயிறு பள்ளியிலேயே எனக்குள் ஏறிவிட்டது. இன்றுவரை இறங்கவில்லை. மகள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"இவளுக்குச் சளிங்கக்கா. இனிப்பு ஆகாது."

"எனக்குச் சளி இல்லையே," என்றாள் ஜெனி.

அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? மரியாதை கூடிவிடும். மறுநாளிலிருந்து நான் அம்மணி இல்லை, மேடம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே இன்னும் மரியாதையாக ஒன்று கேட்டார்.

"மேடம், அடுத்த மாசத்துல இருந்து பாப்பாவுக்கு வேற ஏற்பாடு பாத்துக்கறீங்களாங்க?"

வேறு ஏற்பாடா? ஜெனிக்குக் காய்ச்சல் வரப்போவது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அப்படி ஒரு மனுஷியை எந்த டே-கேரில் போய்த் தேடுவது?

நான் செய்தது சரிதான் என்று யாராவது சொன்னால் தேவலை போலிருந்தது. கணவர் சொல்லவில்லை. சரி, வேதமாவது சொல்லட்டும் என்று ஞாயிறு மதியம் திறந்தேன்.

கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம். அவர்களுக்கும் இதே பிரச்சினைதான் — படைத்த சாப்பாடு, அக்கம்பக்கம், தர்மசங்கடம். நான் தேடிப்போன வசனம் அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் தனியாக இல்லை. விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், முன்னால் வைப்பதை எதையும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். படைத்தது என்று யாராவது சொல்லிவிட்டால்தான் விட்டுவிட வேண்டுமாம்.

நானாகத்தானே விசாரித்தேன்? என்னை யார் கேட்கச் சொன்னது?

முந்தைய பக்கங்களையும் படித்தேன். அறிவு ஆளை உப்ப வைக்கும், அன்புதான் கட்டி எழுப்பும்... என் சாப்பாட்டினால் இன்னொருவர் இடறுவார் என்றால் நான் இனி இறைச்சியே தொடமாட்டேன்... இந்த இரண்டுக்கும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். கோடு போடுவதில் நான் கெட்டிக்காரி.

"கடைசியா என்னதான் சொல்லுது? பொங்கல் சாப்பிடலாமா, கூடாதா?" என்றார் கணவர்.

"கூடாது. ஆனா மன்னிப்புக் கேக்கணும்."

"எதுக்கு?"

"சளிக்கு."

இந்தப் புத்தகத்தோடு இதுதான் கஷ்டம். ஆதரவு கேட்டுத்தான் போகிறோம். வேலை கொடுத்து அனுப்பிவிடுகிறது. காலையில் மொபைலில் வரும் ஒற்றை வசனம் இப்படியெல்லாம் படுத்துவதில்லை. ஒரு ஆமென் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடலாம். முழுசாகப் படித்தால்தான் வம்பு. என்றைக்கோ யாருக்கோ எழுதிய நிருபம், என்னை எழுப்பி எதிர் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்த வைத்துவிட்டது.

அக்கா கதவைத் திறந்தார். "வாங்க மேடம்."

உட்காராமலே சொன்னேன். சளி என்றது பொய். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவீர்களோ என்று பயந்து மறைத்துவிட்டேன்.

அக்கா சோபாவில் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானுங்களா? எங்கூட்டுச் சமையல் உங்களுக்குச் சுத்தமில்லையாக்கும்னு நெனச்சு நான் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலீங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்கக்கா."

"பொஸ்தகத்துல போட்டிருந்தாப் போட்டிருக்கறதுதான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நாளைக்குப் பாப்பாவை நானே எறக்கிக்கறேன். போயி நிம்மதியாத் தூங்குங்க அம்மணி."

அம்மணி! வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை போனால், ஜெனி மறுபடியும் சோபாவில். கையில் அதே கிண்ணம், அதே பொங்கல். பவுல் சொன்னபடி எதையும் விசாரிக்காமல் நின்றேன். சுலபமாக இல்லை.

என் முகத்தைப் பார்த்து அக்காவே சொன்னார். "பயப்படாதீங்க. சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியே பாப்பாவுக்குத் தனியா எடுத்துட்டேன்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். படைப்பதற்கு முன்னால் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில்கூட வைத்துப் பார்க்காத வீடுகள் இவை.

"அக்கா... அது உங்களுக்குத் தப்பில்லீங்களா?"

"தப்புதானுங்க." கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அன்னூர்ல எங்கத்தைக்குத் தெரிஞ்சா என்னைய அடுப்படிப் பக்கமே உடமாட்டாங்க. அதுக்காகப் புள்ளையை வெறும் பிஸ்கட்டோட உக்காத்தி வெக்க முடியுங்களா? அம்மன்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"என்னன்னுங்க?"

"அவிய பொஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்குது தாயே, நீ கோவிச்சுக்காதேன்னு."

நான் மஞ்சள் கோடு போட்டதை, அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருத்தர் செய்து முடித்துவிட்டுக் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். ஜெனி கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்காக நானும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்பதுதான் தெரியவில்லை. நிருபத்தை மறுபடி திறந்தால் அது பளிச்சென்று சொல்லிவிடும்...

அதனால்தான் இந்த வாரம் முழுக்கத் திறக்கவில்லை.